650 ரூபாய் பொம்மையும் மாட்டிக்கொண்ட தலையும்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்பது அதே பழைய கூலர்தான். நிறுத்தினால் நான் வெந்துவிடுவேன், அதனால் திட்டுகிறவர்கள் கமென்டில் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எனக்குச் சரியான எரிச்சல். சிசேரியனில் குழந்தையின் தலை மாட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது என்று பீஜி பிள்ளைகளுக்கு, அதாவது முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு, சொல்லிக்கொடுக்க ஒரு ரப்பர் பொம்மை வாங்கினேன். விலை 650 ரூபாய். அறுநூற்று ஐம்பது! பிறந்த குழந்தை அளவில் இருக்கிறதே என்று பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காலைப் பிடித்து இழுத்தால், கால் தனியாகக் கையோடு வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காலைப் பிடித்து இழுக்கத்தானே வாங்கினேன்!

கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. முழுசாகத் திறந்து, அம்மா நெடுநேரம் முக்கிய பிறகு சிசேரியனுக்குப் போகிறோம் இல்லையா, அப்போது தலை இடுப்பெலும்புக்குள் ஆழமாக இறங்கி இறுகிப்போயிருக்கும். வயிற்றைத் திறந்தாலும் தலையைச் சுற்றி விரல் நுழைய இடமிருக்காது. பிரிட்டனில் திட்டமிடாத சிசேரியன்களில் பத்தில் ஒன்றில்கூட இது நேரலாம் என்று அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2023இல் எழுதியிருக்கிறது.

அப்போது பதற்றத்தில் கையை உள்ளே விட்டு நெம்புகோல் மாதிரி நெம்புகிறார்களே, அது எனக்கு அறவே பிடிக்காது. போட்ட வெட்டு பக்கவாட்டில் கிழிந்து ரத்தம் கொட்டும். குழந்தையின் மண்டையோட்டிலும் விரிசல் விழலாம்.

கீழிருந்து, அதாவது பிறப்புவழியாக, இன்னொருவர் தலையை மேலே தள்ளிக்கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. விரல்களை விரித்து, தலையைப் பரவலாகத் தாங்கித் தள்ள வேண்டும். இரண்டு விரல் நுனியால் குத்தக் கூடாது. அட, ஒன்றை விட்டுவிட்டேன்: அம்மாவின் கால்களை முதலிலேயே விலக்கி வைத்துவிட வேண்டும். துணியெல்லாம் போர்த்தி வெட்டும் போட்ட பிறகு கீழே வழி தேடிக்கொண்டிருந்தால் யார் காத்திருப்பார்கள்?

இன்னொரு வழி, கர்ப்பப்பையின் மேல்பக்கம் கையை விட்டுப் பாதத்தைத் தேடிக் காலை முதலில் இழுப்பது. கர்ப்பப்பை இறுக்கிப் பிடித்திருந்தால் மயக்க மருத்துவரிடம் சொல்லித் தளர்த்தும் மருந்து கொடுக்கச் சொல்ல வேண்டும்.

எனக்குச் செல்லம் பட்வர்தன் முறைதான். 1957இல் நம் இந்திய மருத்துவர் எழுதியது. தலை அவ்வளவு கீழே போனால் வெட்டுக்கு நேரே இருப்பது தோள். முதலில் முன்தோள், அப்புறம் மறுதோள், பிறகு உடம்பு, பிட்டம், கால்கள். தலை கடைசியில் மேலே எழும்பி வரும்.

பொம்மைக்கு வருவோம். கால்களை நைலான் நூலால் தைத்து, தலையைப் பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குள் அழுத்தினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது பாருங்கள், அசலாக அப்படியே! இருபது ரூபாய் நூல் செய்த வேலையை 650 ரூபாய் செய்யவில்லை.

சிலிக்கோன் பலூன் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தலைக்குக் கீழே வைத்து உப்புநீரை ஏற்றினால் தலை சில சென்டிமீட்டர் உயரும். ஒருமுறைதான் பயன்படும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் எந்த முறை எல்லாவற்றிலும் மேல் என்று இன்னும் முடிவாகவில்லை. பலூன் வாங்கி வைத்த தைரியத்தில் கைப்பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

குழந்தையின் முதுகு அம்மாவின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் பட்வர்தன் வரிசையே மாறும். இரண்டு தோளும் வந்ததும் கால்களைப் பிடிக்க வேண்டும். அதை அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன்.