ஃபேன் சத்தம் போச்சு, தொண்டை பிழைத்தது!

வணக்கம் மக்களே! இன்றைக்கு நான் ரொம்ப ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பு பி பிரிவு ஃபேனை வீடியோவுக்கு வீடியோ திட்டுவேனே, அந்தக் கடகட சத்தம் ஒழிந்தது! பேரிங் தேய்ந்திருந்ததாம். எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு பேரிங்கையும் மாற்றி, இறக்கையில் தளர்ந்திருந்த திருகுகளை முறுக்கிவிட்டார். கூலியோடு சேர்த்து 450 ரூபாய். நானூற்று ஐம்பதுதான்! நம்மில் எத்தனை டீச்சர்கள் 1,500 ரூபாய் கொடுத்து இடுப்பில் கட்டுகிற மைக் வாங்கியிருக்கிறோம்?

அந்த மைக் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஸ்பீக்கர் பக்கம் கொஞ்சம் திரும்பினால் கீச்சென்று அலறும். பக்கத்து வகுப்புக்கும் தொந்தரவு. அறுபது எழுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பு என்றால் சரி, வாங்குங்கள். மற்றவர்கள் முதலில் அறையின் சத்தத்தைக் குறைக்கப் பாருங்கள்.

ஏன் என்றால், சத்தத்துக்கு நடுவே பேசும்போது நம்மை அறியாமலே குரல் ஏறும். எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதினார். லோம்பார்ட் விளைவு என்றே பெயர். பிள்ளைகளுக்கும் இதேதான். நாம் கத்தினால் அவர்கள் பேச்சும் ஏறும், அதை அடக்க நாம் இன்னும் கத்துவோம். வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் ரோட்டோரப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள்!

அட, ஃபேன் விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். ரெகுலேட்டர் பழையதுதான், எலக்ட்ரீஷியன் அதையும் மாற்றச் சொன்னால் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். 450 ரூபாய்க்குள் எல்லாம் முடிந்தது.

சரி, குரலுக்கு வருவோம். போர்டில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். குரல் சுவருக்குப் போகும், கடைசி பெஞ்சுக்குப் போகாது. எழுதி முடித்துத் திரும்பி, முகத்தைக் காட்டிப் பேசுங்கள். கடைசி பெஞ்சு பேசுகிறதா? முன்னால் நின்று கத்தாமல் அங்கேயே நடந்து போய் நில்லுங்கள். அப்புறம், கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்தது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன. தொண்டைக்கும் ஓய்வு, அவர்களுக்கும் யோசிக்க நேரம். இதை நான் எல்லா வகுப்பிலும் செய்கிறேன், அவ்வளவு பிடிக்கும்!

இன்னொன்று, தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசுங்கள் என்று கமென்டில் யாரும் எழுதாதீர்கள். பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். மெதுவாக, சாதாரணக் குரலில் பேசினால் போதும். அடிக்கடி கனைப்பதும் வேண்டாம், குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதும்.

ஐயோ, தண்ணீரை மறந்தே போனேன்! குடிக்கிற தண்ணீர் குரல்நாண்மேல் நேராகப் படுவதில்லை, உடம்பு வழியாகத்தான் ஈரம் போய்ச் சேரும். அதனால் கரகரத்த பிறகு மடக்கு மடக்கென்று குடித்துப் பயனில்லை. காலையிலிருந்தே பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வகுப்பில் எது பெரிய சத்தம், ஃபேனா, ரோடா, பக்கத்து வகுப்பா? கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் பேசுவோம்!