ஆர்கானிக் மெத்தையோட ஜிப்பைத் திறந்தா உள்ள என்ன இருக்கு?

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் சாய்ஞ்சு தெரியும், தலகாணி மேல வச்சிருக்கேன், கண்டுக்காதீங்க. பின்னாடி தெரியுதுல்ல, அதான் ரெண்டு வருஷமா நான் படுத்து எந்திரிக்கிற மெத்தை. ஆர்கானிக்னு சொல்லித்தான் வாங்கினேன். ஓரத்துல இலை படம் போட்ட லேபிள், தொட்டா மெத்துன்னு பருத்தித் துணி. யாருகிட்ட வாங்கினேன்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்புல பாதி என்னோடது. நான் எதையுமே கேட்கல.

போன வாரம் உறையைத் துவைக்கலாம்னு ஜிப்பைத் திறந்தேன். வாங்க, நீங்களும் பாருங்க. இதோ... இந்த வெள்ளை ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கே, அதை அமுக்குறேன். கை தடம் அப்படியே நின்னு, மெதுவா மேல வருது பாருங்க. இது மெமரி ஃபோம். 1966-ல நாசாவுக்காக விமான இருக்கைக்குன்னு உருவாக்கினாங்களே, அதோட வாரிசு. மெமரி ஃபோம்னாலே பாலியூரித்தேன் தான், பெட்ரோலியத்துலருந்து வர்றது. கீழ இன்னொரு ஃபோம், அதுவும் அதே குடும்பம். ஆக, ஆர்கானிக்கா இருந்தது சட்டை மட்டும்தான்.

ஐயோ, ஒண்ணு சொல்லிடறேன், மறந்துடுவேன். இதைப் பார்த்துட்டு நீங்க ஓடிப்போய் உங்க மெத்தை ஜிப்பைத் திறக்காதீங்க. சில மெத்தையில தீப்பிடிக்காம இருக்கிறதுக்காக உள்ள ஒரு கண்ணாடி இழை உறை இருக்கும். மேல் துணியைக் கழட்டினா அந்த இழை தூள்தூளா வெளிய வந்து வீடு பூரா பரவிடும், தோல் அரிக்கும், துணிமணியிலருந்து போகவே போகாது. லேபிள்ல 'கிளாஸ் ஃபைபர்', 'ஃபைபர்கிளாஸ்'னு இருந்தாலோ, உறையைக் கழட்டக் கூடாதுன்னு இருந்தாலோ கை வைக்காதீங்க. என்னோடதுல கழட்டித் துவைக்கலாம்னு தெளிவா போட்டிருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். இப்ப எங்க அக்காவுக்குக் குழந்தை பொறக்கப் போகுது. தொட்டில் மெத்தை வாங்குற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. அதனால இந்த ஒரு வாரமா எனக்கு மெத்தைப் பைத்தியம்.

முதல்ல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, நாம ரெண்டு கேள்வியை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஆர்கானிக்கான்னு கேட்டா, அந்தப் பொருள் எப்படி விளைஞ்சதுன்னு கேட்கிறோம். நச்சு இல்லையான்னு கேட்டா, அதுலருந்து நம்ம மூக்குக்கும் தோலுக்கும் என்ன வந்து சேருதுன்னு கேட்கிறோம். எருக்கம்பாலும் இயற்கைதான், அதுக்காக கண்ணுல விட்டுக்குவோமா? மெத்தை லேபிள்ல போடுற தர முத்திரைகளும் இப்படித்தான், சிலது முதல் கேள்விக்குப் பதில் சொல்லும், சிலது ரெண்டாவதுக்கு. விக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே வரிசையில அடுக்கி வச்சுடுவாங்க, நமக்கு மெடல் மாதிரி தெரியும்.

ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 பார்த்திருப்பீங்க. 1992-லருந்து இருக்கு. துணியிலயும் மத்த பாகங்கள்லயும் தீங்கான ரசாயனம் அளவுக்கு மேல இருக்கான்னு சோதிக்கிறாங்க. மூணு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க பொருளுக்குத் தனி வகுப்பு, அதுதான் ரொம்பக் கறாரானது. நல்ல முத்திரைதான். ஆனா பாலியஸ்டருக்கும் கிடைக்கும், ஆர்கானிக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கிரீன்கார்ட் கோல்டும் அப்படித்தான், காத்துல என்ன கலக்குதுன்னு அளக்கிறது. செர்ட்டிப்யூர்-யுஎஸ் இருக்கே, அது பாலியூரித்தேன் ஃபோமுக்கு மட்டுமே கொடுக்கிற முத்திரை. அதை ஒரு 'ஆர்கானிக்' மெத்தையில பார்த்தீங்கன்னா உள்ள ஃபோம் இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிறாங்கன்னு அர்த்தம்! என் மெத்தை லேபிள்ல அது இருந்துச்சுங்க. ரெண்டு வருஷமா கண்ணு முன்னாடி இருந்துச்சு.

விளைஞ்ச கதைக்கு ரெண்டு முத்திரை. பருத்தி, கம்பளி மாதிரி நாருக்கு ஜிஓடிஎஸ். ரப்பர் பாலுக்கு ஜிஓஎல்எஸ். ஜிஓடிஎஸ்ல ரெண்டு படி இருக்கு. 95 சதவீதம் ஆர்கானிக் நார் இருந்தா 'ஆர்கானிக்'னு போடலாம். 70 சதவீதம் இருந்தா 'ஆர்கானிக் கொண்டு செய்தது'ன்னுதான் போடணும். அந்த 'கொண்டு' பொடி எழுத்துல இருக்கும், கவனமாப் படிங்க.

ஆனா இந்த முத்திரை இருந்தாலும் ஏமாறலாம், அதான் எனக்கு நடந்தது. முத்திரை உண்மையாவே இருக்கும், ஆனா அது துணிக்கு வாங்கினது. துணி நெய்யுற மில்லுக்குச் சான்றிதழ் இருக்கும், மெத்தை தைக்கிறவருக்கு இருக்காது. அதனால சான்றிதழைக் கேட்டு வாங்குங்க, வாங்கினா மூணே இடத்துல கண்ணை வைங்க. யார் பேர்ல இருக்கு, மெத்தை பிராண்டு பேர்லயா, இல்ல எங்கயோ ஒரு மில் பேர்லயா? பொருள் பட்டியல்ல 'மெத்தை'ன்னு இருக்கா, இல்ல 'துணி'ன்னு நிக்குதா? தேதி முடிஞ்சு போச்சா? லேபிள்ல உரிம எண் இருக்கும், அதை ஜிஓடிஎஸ்ஸோட பொதுத் தரவுதளத்துல நாமளே போட்டுப் பார்க்கலாம். ரெண்டு நிமிஷ வேலை.

முத்திரையையே சொந்தமா வரைஞ்சுக்கிறவங்களும் உண்டு. 2017-ல அமெரிக்காவுல ஏமாத்து விளம்பரங்களைக் கண்காணிக்கிற எஃப்டிசிங்கிற அரசு அமைப்பு ஒரு குழந்தை மெத்தை கம்பெனி மேல நடவடிக்கை எடுத்துச்சு. ஆர்கானிக்னு வித்த மெத்தையில பெரும்பாலும் ஆர்கானிக் இல்லாத பொருள்தான் இருந்திருக்கு, அதோட அவங்க போட்டிருந்த ஒரு பச்சை முத்திரை அவங்களே உருவாக்கினது. மெடலை நானே செஞ்சு எனக்கு நானே பரிசு கொடுத்துக்கிற மாதிரி.

அடுத்து லேடெக்ஸ். இதுல வார்த்தை விளையாட்டு ஜாஸ்தி. மரத்துல கீறி எடுக்கிற பால்ல செய்யறது இயற்கை லேடெக்ஸ். எஸ்பிஆர்னு ஒண்ணு இருக்கு, ஸ்டைரீன் பியூட்டடயீன் ரப்பர், அது பெட்ரோலியத்துலருந்து. ரெண்டையும் கலந்துட்டு வெறும் 'லேடெக்ஸ்'னு போட்டுடுவாங்க. 'இயற்கை லேடெக்ஸ் அடங்கியது'ன்னா எத்தனை சதவீதம் அடங்கியதுன்னு கேளுங்க. ஜிஓஎல்எஸ் முத்திரைக்கு 95 சதவீதத்துக்கு மேல ஆர்கானிக் மூலப்பொருள் இருக்கணும். மீதி இடம் ஏன்னா, கந்தகம், துத்தநாக ஆக்சைடு மாதிரி சிலது சேர்க்காம அந்தப் பால் நுரையா இறுகாது. 'நூறு சதவீதம் சுத்தம்'னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னா எனக்கு இப்பல்லாம் சந்தேகம்தான் வருது. ஆங், ரப்பர் அலர்ஜி உள்ளவங்க லேடெக்ஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கோங்க.

தென்னை நார் மெத்தையும் இயற்கைன்னு ஓடுது. நார் இயற்கைதான். அந்த நாரை ஒட்டி வச்சிருக்கிற ரப்பர் பால் எதுங்கிறதுதான் கேள்வி. பசையும் அதே மாதிரிதான், அடுக்குகளை எதால ஒட்டியிருக்காங்கன்னு கேளுங்க. ஒட்டாம உறைக்குள்ள சும்மா அடுக்கி வைக்கிற மெத்தைகூட இருக்கு.

தீ விஷயம். முன்னாடி ஃபோம்ல பிபிடிஇன்னு புரோமின் சேர்ந்த ரசாயனம் கலந்தாங்க. உடம்புல தங்குதுன்னு தெரிஞ்சு, 2009-ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைன்னு, அழியாம தங்குற நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட பட்டியல்ல அதுல முக்கியமான வகைகளைச் சேர்த்தாங்க. கம்பளி சுலபத்துல பத்திக்காது, அதனால நல்ல மெத்தைகள்ல அதையே ஓர் அடுக்கா வச்சுடறாங்க. "தீத் தடுப்புக்கு என்ன போட்டிருக்கீங்க?"ன்னு கேளுங்க. பொருளோட பேரைச் சொல்லாம "பாதுகாப்பானதுங்க"ன்னு மட்டும் சொன்னா அது பதில் இல்ல.

இந்த மெத்தையைத் தூக்கிப் போட்டுடுவேனான்னு நினைப்பீங்க. இல்ல. ஃபோம்லருந்து வர்ற வாசனை, ஆவியெல்லாம் புதுசுலதான் அதிகம், நாளாக ஆகக் குறைஞ்சுடும். ரெண்டு வருஷம் மூச்சுல வாங்கி முடிச்சாச்சு, இப்பத் தூக்கிப் போட்டா குப்பை ஒண்ணு கூடும், அவ்வளவுதான். புதுசா வாங்குறவங்க கொஞ்ச நாள் ஜன்னலைத் திறந்து வச்சுக் காத்தாட விடுங்க. ஆனா வாசனை இல்லன்னா நச்சு இல்லன்னு எடுத்துக்காதீங்க.

அக்கா விஷயம் என்னாச்சுன்னா... தொட்டிலுக்கு ஆர்கானிக்கை விட முக்கியம் மெத்தை கெட்டியா, சமமா இருக்கணும், தொட்டில் ஓரத்துல இடைவெளி விடாம உக்காரணும். அதை முதல்ல பார்த்தேன். அப்புறம் மெத்தை விக்கிற மூணு பேருக்கு ஒரே மெயில்: "சான்றிதழ் மெத்தைக்கா, துணிக்கா? யார் பேர்ல இருக்கு?" ஒருத்தர் உரிம எண்ணோட அன்னிக்கே அனுப்பிட்டார், தேடிப் பார்த்தேன், பட்டியல்ல மெத்தைன்னே இருந்துச்சு. இன்னொருத்தர் இலை படம் போட்ட விளம்பரத்தாளை மறுபடியும் அனுப்பினார். மூணாவது ஆளு நாலு நாள் கழிச்சு, "மேடம், ஃபேப்ரிக் மட்டும்தான்"னு ஒரே வரி. அவரை எனக்குப் பிடிச்சுப் போச்சு, வாங்கலன்னாலும்.

சரி மக்களே, இந்த ஜிப்பு வேற பாதியில மாட்டிக்கிட்டு மூட மாட்டேங்குது. இதைச் சரி பண்ணிட்டுத்தான் நான் படுக்கணும். வரேன்.