வைரம் வளர்ப்பது லேசு, அது உரியாமல் ஒட்டி நிற்பதுதான் பெரும்பாடு!

[காட்சி: நுணுக்குக்காட்டியின் கீழே ஒரு ட்ரில் பிட். மேலே மின்னும் பூச்சு ஒரு பக்கம் செதிலாக எழும்பி நிற்கிறது]

இந்த ட்ரில் பிட்டுக்கு மேலே பூசியிருக்கிறது உண்மையான வைரம். மெதேன் வாயுவிலிருந்து வளர்த்தது. உலகத்திலேயே கடினமான பொருள், ஆனா பிட்டைப் பக்குவப்படுத்தாம பூசினா முதல் ஓட்டையிலேயே செதில் செதிலா உரிஞ்சு விழுந்திடும். உரிய வைக்கிற குற்றவாளி வெளியே இல்லை, பிட்டுக்கு உள்ளேயே இருக்கு.

வணக்கம் மக்களே! முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடுவம். கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகள்ல டைல் வெட்ட வாங்குற டைமண்ட் பிளேட் வேற. அதுல வைரத் துகளை உலோகத்துக்குள்ள பதிச்சிருப்பாங்க. இன்றைக்குப் பார்க்கப்போறது இடைவெளியே இல்லாம முழுப் படலமா வளர்ற வைரம்.

வளர்க்கிற முறையை ஓட்டமா சொல்லிடுறேன். 1982-ல ஜப்பான்ல மட்சுமோட்டோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இது. காற்றை உறிஞ்சின அறைக்குள்ள ஐதரசனும், அதோட நூற்றுக்கு ஒரு பங்களவு மெதேனும். 2000 பாகை செல்சியஸுக்கு மேல தகதகக்கிற டங்ஸ்டன் இழை. கீழே 800 பாகை அளவுல நம்ம ட்ரில் பிட். ஐதரசன் மூலக்கூறு அணு அணுவா உடையும். காபன் வந்து படியும்போது கரியா படிஞ்சதை அந்த அணு ஐதரசன் தின்னுடும், வைரமா படிஞ்சதை அவ்வளவா தொடாது. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீற்றர் வளரும்.

[காட்சி: காபைட்டின் குறுக்குவெட்டு]

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம்.

பிட் செய்யப்பட்டிருக்கிறது டங்ஸ்டனும் காபனும் சேர்ந்த டங்ஸ்டன் காபைட்டால. காபைட் மணிகள் தாங்களா ஒன்றோடொன்று ஒட்டாது. அதுகளைப் பிடிச்சு வைக்கிறது கோபால்ட், வழக்கமா ஆறு சதவீதம் அளவு. கோபால்ட் இல்லைன்னா அடி விழும்போது பிட் நொறுங்கிடும். அதே கோபால்ட்தான் 800 பாகையில காபனைத் தனக்குள்ள கரைச்சு, வைரமா விடாம, பென்சில் முனையில இருக்கிற காரீயமா (கிராஃபைட்) வெளியே தள்ளும். ஆமா, நம்ம போகலயிலும் கஹட்டகஹவிலும் தோண்டுற அதே காரீயம். வழுக்குற பொருள். வைரத்துக்கும் பிட்டுக்கும் நடுவுல வழுக்குற ஒரு படலம் வந்தா என்ன பிடி கிடைக்கும்?

இப்ப ஒரு வேடிக்கையைக் கேளுங்க. 1954-ல ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செயற்கை வைரம் செய்தது இராட்சத அழுத்தத்தில. அந்த அழுத்த முறையில இன்றைக்கும் ஊக்கியா போடுறது இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகங்களைத்தான்! அங்கே வைரத்தைப் பெத்தெடுக்கிறதே கோபால்ட், இங்கே அதைக் கெடுக்கிறதும் கோபால்ட். உயர்தர இரசாயனவியல் படிக்கிற தம்பி தங்கச்சிமார் இதைப் பிடிச்சுக்கொள்ளுங்க: ஐம்பதாயிரம் வளிமண்டல அழுத்தத்தில காபனுக்கு உறுதியான வடிவம் வைரம். எங்கட அறையில இருக்கிற குறைஞ்ச அழுத்தத்தில உறுதியான வடிவம் காரீயம். ஊக்கி எதையும் புதுசா தீர்மானிக்காது, உறுதியான வடிவத்துக்குப் போற பாதையைச் சுலபமாக்கி விடும், அவ்வளவுதான். எனக்கென்னமோ, ஒரே மூலகம் வெவ்வேறு வடிவம் எடுக்கிற பிறதிருப்பம் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணமே கிடையாது.

வெள்ளவத்தை மெரின் டிரைவ் பக்கம் மதிலுக்கு எவ்வளவு விலையான பெயின்ட் அடிச்சாலும் உப்பு உள்ளேயிருந்து கிளம்பி உரிச்சுப் போட்டுடும் இல்லையா? கோபால்ட்டும் அப்படித்தான். மேல இருக்கிறதைத் துடைச்சாலும், சூட்டில உள்ளேயிருந்து மறுபடி மேலே வந்திடும். அதனால சில மைக்ரோமீற்றர் ஆழத்துக்கு அதை எடுத்தாகணும்.

வழி இரண்டு கட்டம். முதல்ல முராகாமி கரைசல்: பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் பொற்றாசியம் பெரிசயனைட்டும். இது காபைட் மணிகளை அரிச்சு முகப்பைக் கரடுமுரடாக்கும், கோபால்ட்டைத் தொடாது. அடுத்தது காரோ அமிலம்: கந்தக அமிலத்தில ஐதரசன் பேரொட்சைட்டு. இது வெளித்தெரியிற கோபால்ட்டைக் கரைச்சு எடுக்கும். வைரம் வளர்ந்து அந்தக் கரடுமுரடுக்குள்ள வேர்விட்டுப் பிடிக்கும். ஆனா அமிலம் ஆழமா போயிட்டா மணிகளைப் பிடிக்க ஆளில்லாம அடித்தளமே பொலபொலத்துடும், வைரம் அந்தத் துண்டோட சேர்ந்து கழன்று வரும். என் கணக்கில முழு வித்தையும் இந்த அளவறிதலில்தான் இருக்கு. குரோமியம் நைத்திரைட்டு, சிலிக்கன் காபைட் மாதிரி தடுப்புப் படலம் போடுறவங்களும் இருக்காங்க.

தயவுசெய்து இதை வீட்டில செய்து பார்க்காதீங்க, பிள்ளைகளே. காரோ அமிலம் சேதனப் பொருளில பட்டா வெடிக்கும். சத்தியமா சொல்றேன், வேண்டாம்.

இதெல்லாம் முடிஞ்சு வைரம் வளர்க்க முன்னால, அது முளைக்க சில நனோமீற்றர் வைரத்தூளைக் கழியொலியால (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால) பிட்டில விதைப்பாங்க.

இன்னொரு எதிரி சூடு தணியிறது. காபைட் வைரத்தைவிட அதிகமா சுருங்கும், படலம் நெரிபட்டு மேலெழும்பப் பார்க்கும். பிடி போதுமான்னு பார்க்க, கடினத்தன்மை அளக்கிற ரொக்வெல் கூம்பைப் பூச்சு மேல 150 கிலோ சுமையில அழுத்துவாங்க. குழியைச் சுத்தி வெடிப்பு மட்டும்னா நல்லது. வட்டமா உரிஞ்சா, அந்தத் தொகுதி குப்பைக்கு.

[காட்சி: காபன் நார்த் தகட்டைத் துளைக்கும் பிட்]

இவ்வளவு பாடும் ஏன்? போயிங் 787 விமானத்தோட எடையில பாதி கூட்டுப்பொருள், முக்கியமா காபன் நார். அது சாதாரண காபைட் முனையை மளமளன்னு மழுக்கிடும். சிலிக்கன் கலந்த அலுமினியமும் அப்படித்தான். உருக்குக்கு மட்டும் இதைப் பாவிக்காதீங்க: வெட்டுற சூட்டில இரும்பும் கோபால்ட் மாதிரியே காபனைக் கரைச்சு எடுத்திடும். லேத் பட்டறை வச்சிருக்கிற அண்ணன்மார், நீங்க அதிகமா வெட்டுற உலோகம் எதுன்னு கீழே எழுதுங்க. அதுக்கு எந்தப் பூச்சு பொருந்தும்னு அடுத்த வீடியோவில பார்ப்பம்.