தோணியும் கோலும் பாறையும்: தொடர் உருவகத்தை இனங்காணுதல்

அவையில் கூடியிருக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

உருவகம் என்றதும் நம் நினைவுக்கு வருவன முகத்தாமரை, அடிமலர் போன்ற பள்ளிக்கூட எடுத்துக்காட்டுகளே. அவை ஒரு தொடரில் தோன்றி அங்கேயே முடிந்துவிடுபவை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, ஒரு பாட்டு முழுவதும், சில வேளைகளில் ஒரு கட்டுரை முழுவதும், ஒரே காட்சியை விடாமல் பற்றிச் செல்லும் தொடர் உருவகம். அதை இனங்காண்பது எளிது என்று எண்ணிக்கொள்கிறோம். 'எனும்' என்ற சொல் அடுக்கி வந்தால் உருவகம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாமே நாம்!

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வகுத்துக் காட்டும் உருவக வகைகளுள் முற்றுருவகம் என்பது ஒன்று. "விழியே களிவண்டு, மெல்நகையே தாது" என்று தொடங்கும் வெண்பா அதற்கு மேற்கோள். கண் வண்டாகிறது, புன்னகை பூந்தாதாகிறது, பேச்சு தேனாகிறது, முகம் தாமரையாகிறது. கடைசிச் சொல்லில், அத்தாமரை பூத்திருக்கும் தடாகம் தலைவனின் உள்ளமே என்று தெரியவருகிறது. உறுப்புகள் அனைத்தும் பொருந்திய நேர்த்தியான பாட்டுதான். ஆயினும் அங்கே பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை என்பது என் கருத்து. தொடர் உருவகத்தின் முழு ஆற்றலைக் காண, பொருள்களின் பட்டியலை விட்டு வினைச்சொற்களைப் பின்தொடர வேண்டும். அப்பர் பெருமான் திருவொற்றியூரில் பாடிய நான்காம் திருமுறைப் பாடல் ஒன்றைப் பாருங்கள்:

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போ தறிய வொண்ணா
துனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூ ருடைய கோவே.

தோணி மனம், கோல் அறிவு, சரக்கு சினம், பாறை காமம் என்று பட்டியலிட்டு முடித்துவிட்டால் பாட்டின் வாசலோடு திரும்பியவர்களாவோம். பற்றி, ஊன்றி, ஏற்றி, ஓடி, தாக்கி, மறிந்து என்று வினைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். பாரம் ஏற்றிய தோணி நீரில் தாழ்ந்து மிதக்கும். தாழ்ந்து மிதக்கும் தோணிக்குத்தான் நீருக்கடியில் கிடக்கும் பாறை எமனாகும். சினத்தைச் சுமந்து செல்லும் மனம் காமத்தில் மோதிக் கவிழ்கிறது என்ற உளநூல் உண்மையை, அப்படி ஒரு வாக்கியம் எழுதாமலேயே, தோணியின் இயல்பைக் கொண்டு இப்பாடல் நிறுவிவிடுகிறது. கோலும் அத்தகையதே. தரை எட்டுமிடத்தில்தான் கோலை ஊன்ற முடியும். ஆழ்கடலில் அது வெறுங்கழி. கரையோரத்தில் நன்றாக உதவிய அறிவு, ஆழத்துக்குப் போனபின் எதற்கும் உதவுவதில்லை. இப்படி உவமானத்தின் இயல்பு பொருளைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லத் தொடங்கும் இடத்திலேயே தொடர் உருவகம் உயிர் பெறுகிறது. வெறும் அடுக்கில் இது நேர்வதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எதற்கு உருவகம் சொல்லப்படவில்லை என்பது. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்ற குறளில் பிறவி கடலாகிறது. இறைவன் அடி எதுவாகிறது என்று வள்ளுவர் கூறவில்லை. புணை என்பதை உரையில் வருவித்துக்கொள்கிறோம். இதனை ஏகதேச உருவகம் என்பர். அப்பர் பாடலிலும் ஓர் இடைவெளி உண்டு, ஆனால் அது வேறு வகையானது. தோணி கவிழ்ந்தபின் அவர் மிதவை கேட்கவில்லை, கரை கேட்கவில்லை, கலங்கரை விளக்கமும் கேட்கவில்லை. "உனையுனும் உணர்வை நல்காய்", அதாவது உன்னை நினைக்கும் உணர்வைத் தா, என்று கடற்காட்சியை முற்றிலும் உதறிவிட்டு நேராகக் கேட்கிறார். வேண்டுதல் தொடங்கும் இடத்தில் உருவகம் நின்றுவிடுகிறது. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டவர் என்று பெரியபுராணம் கூறும் வரலாற்றை இங்கே பொருத்திப் பார்க்கும் ஆசை எனக்கும் எழுவதுண்டு. பாட்டுக்கு அந்தத் துணை தேவையில்லை. கடலோரத் தலமான ஒற்றியூரில் தோணி நினைவுக்கு வர வேறு காரணம் வேண்டுமா?

உரைநடையில் இந்த வேலை கடினம், ஏனெனில் அங்கே 'எனும்' வந்து நமக்குக் கைகாட்டுவதில்லை. தேர்தல் காலச் செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிகள் களம் இறங்குகின்றன, தலைவர்கள் வியூகம் வகுக்கின்றனர், தளபதிகள் மாவட்டந்தோறும் படை திரட்டுகின்றனர், ஒருவரின் கோட்டையை மற்றொருவர் கைப்பற்றுகிறார். தேர்தல் ஒரு போர் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் வினைச்சொற்கள் அனைத்தும் போர்க்களத்திலிருந்து வந்தவை. அப்பர் பாடலிடம் கேட்ட கேள்வியை இச்செய்தியிடமும் கேட்டுப் பாருங்கள்: இதில் எதற்கு உரு இல்லை? படைத்தலைவர் இருக்கிறார், படைவீரர் இருக்கிறார், எதிரியும் இருக்கிறார். வாக்காளருக்குத்தான் இடமில்லை, இருந்தால், கைப்பற்றப்படும் நிலமாகவே அவர் இருக்கிறார். அப்பர் தாம் கட்டிய உருவகத்தை விட்டுத் தெரிந்தே வெளியேறினார். இச்செய்தியை எழுதியவர் தாம் ஓர் உருவகத்துக்குள் நிற்பதையே அறிந்திருக்க மாட்டார்.