தள்ளுபடி அட்டையும் எண்பது கேலன் தொட்டியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டியில் நெடுந்தூரம் செல்லும் குடும்பங்கள், தள்ளுபடி அட்டைகளைக் கொண்டு எரிபொருள் செலவை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நானும் என் மனைவியும் ஹூஸ்டனிலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியாவுக்குப் பலமுறை சென்று வந்திருக்கிறோம். ஆகவே அந்த ஒரு பாதையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் வண்டியின் பசியைச் சொல்ல வேண்டும். எங்களுடையது ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட, பெட்ரோலில் ஓடும் வண்டி. அதன் தொட்டி 80 கேலன் கொள்ளும். ஒரு கேலனுக்கு 8 மைல் கிடைத்தால் நாங்கள் மகிழ்ச்சி அடைவோம். ஹூஸ்டனிலிருந்து சாண்டா மோனிகா கடற்கரை ஏறத்தாழ 1,550 மைல் தொலைவில் இருக்கிறது. போய்த் திரும்ப 3,100 மைல் என்றால், 390 கேலன் பெட்ரோல் வேண்டும். அட்டைகளின் விளம்பரத்தில் வரும் ‘கேலனுக்கு 5 சென்ட்’, ‘கேலனுக்கு 10 சென்ட்’ என்ற சொற்களை இந்த 390 என்ற எண்ணோடு பெருக்கிப் பார்த்த பிறகே நாம் எதையும் முடிவு செய்ய வேண்டும். 5 சென்ட் என்றால் முழுப் பயணத்துக்கும் இருபது டாலருக்குச் சற்றுக் குறைவு. 10 சென்ட் என்றால் முப்பத்தொன்பது டாலர்.

இப்போது அட்டைக்குச் செலுத்தும் சந்தாவை இதனோடு ஒப்பிடுங்கள். வால்மார்ட் பிளஸ் உறுப்பினர்களுக்கு எக்ஸான், மொபில், மர்ஃபி, வால்மார்ட் நிலையங்களில் கேலனுக்கு 10 சென்ட் வரை குறைகிறது. ஆண்டுச் சந்தா 98 டாலர். எரிபொருளை மட்டும் நம்பி அந்தச் சந்தாவை மீட்க வேண்டுமானால் 980 கேலன், அதாவது எங்கள் வண்டியில் ஏறத்தாழ 7,800 மைல் ஓட வேண்டும். மளிகைப் பொருள்களை வீட்டுக்கு வரவழைப்பதற்காக ஏற்கெனவே அந்தச் சந்தாவைக் கட்டிவருபவருக்கு இது கூடுதல் லாபம். பெட்ரோலுக்காக மட்டும் புதிதாகச் சேர்பவர், தம் வண்டி ஆண்டுக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கட்டணமும் இன்றி மிகப் பொருந்திவரும் ஒரு ஏற்பாடு, குரோகர் மளிகைக் கடையின் எரிபொருள் புள்ளிகள். ஒரு டாலருக்கு வாங்கினால் ஒரு புள்ளி சேரும். நூறு புள்ளிகளுக்குக் கேலனுக்கு 10 சென்ட் வீதம் குறையும். ஆயிரம் புள்ளிகள் சேர்ந்துவிட்டால் கேலனுக்கு முழுதாக ஒரு டாலர் குறையும். ஆனால் ஒரு முறை நிரப்பும்போது 35 கேலன் வரைதான் அந்தச் சலுகை கிடைக்கும். பதினைந்து கேலன் மட்டுமே கொள்ளும் கார்க்காரர் இந்தச் சலுகையில் பாதிக்கும் மேலாக வீணடித்துவிடுகிறார். நம் வண்டியோ 35 கேலனையும் முழுமையாக வாங்கிக்கொள்ளும். ஒரே தடவையில் 35 டாலர் மிச்சமாகிறது. சேர்த்த புள்ளிகள் அடுத்த மாத இறுதியோடு காலாவதியாகிவிடும் என்பதால், புறப்படும் நாளை ஒட்டிப் புள்ளிகள் சேருமாறு பார்த்துக்கொள்வதும், நம் வண்டி திரும்புவதற்குக் குரோகரின் எரிபொருள் நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே நேரில் பார்த்து வருவதும் அவசியம். வண்டியின் முன்புறம் எளிதாக உள்ளே நுழைந்துவிடும். திருப்பத்தில் வால்பகுதி வெளிப்புறமாக வீசி, பம்பைக் காக்கும் இரும்புத் தூணில் இடிப்பதுதான் வழக்கமான விபத்து.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. பெரிய லாரி நிறுவனங்கள், லாரிகள் நின்று எரிபொருள் நிரப்பும் டிரக் ஸ்டாப்புகளில் பலகை விலைக்கு டீசல் வாங்குவதில்லை. மொத்தக் கொள்முதல் செய்பவர்கள் என்பதால் ஒப்பந்தம் செய்துகொண்டு குறைந்த விலைக்கே வாங்குகிறார்கள். ஒப்பந்தம் இல்லாமல் வருகின்ற நம்மைப் போன்றவர்கள்தான் பலகையில் எழுதிய விலையை முழுமையாகச் செலுத்துகிறோம். லாரிக்காரர்களின் அந்த விலையைத் தனி மனிதருக்கும் கிடைக்கச் செய்வதே டி.எஸ்.டி. லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன் ரோட்ஸ் போன்ற அட்டைகளின் வேலை. அது டீசலுக்கு மட்டுமே உரியது. வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். மிச்சமான தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுவனம் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. சில நிலையங்களில் கேலனுக்குச் சில சென்ட், வேறு சிலவற்றில் அதைப்போல் பல மடங்கு என்று தள்ளுபடி இடத்துக்கு இடம் மாறும். பம்பில் ஓடும் எண்கள் பலகை விலையையே காட்டும். குறைந்த விலை பிறகு கணக்கில்தான் தெரியும். எனவே அட்டைக்குரிய செயலியில் அன்றைய தள்ளுபடி விலையைப் பார்த்துவிட்டு நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதே முறை. நூறு கேலன் தொட்டியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கு நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கும் அட்டை வகை இதுதான். லாரிகளுக்கான பம்புகளில் குழாய் முனை பெரிதாக இருக்கும் என்பதால், டீசல் பிக்கப்பில் இழுவை வீட்டைப் பூட்டிச் செல்பவர்கள் தங்கள் வண்டியின் வாய்க்கு அது பொருந்துமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அட்டையைவிடப் பெரிய சேமிப்பு, எங்கே நிரப்புகிறோம் என்பதில் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் நாடெங்கும் கேலனுக்கு 18.4 சென்ட்தான். மாநில வரிகள்தான் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் மாநில வரியும் அதிகம், அந்த மாநிலத்துக்கென்றே தனிக் கலவையில் பெட்ரோல் தயாரிக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. அரிசோனாவின் எல்லை ஊரான எரன்பர்கையும், கொலராடோ ஆற்றுக்கு அப்பால் கலிபோர்னியாவில் இருக்கும் பிளைத்தையும் ஒரு பாலம் இணைக்கிறது. அந்தப் பாலத்தின் இரு புறமும் கேலனுக்கு ஒரு டாலருக்கும் மேலான வேறுபாட்டை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அங்கிருந்து கடற்கரை 242 மைல். போய்த் திரும்ப எங்களுக்குத் தேவை 60 கேலன். தொட்டியோ 80 கேலன். ஆகவே எரன்பர்கிலோ, அதற்குச் சற்று முன்னால் இருக்கும் குவார்ட்ஸைட்டிலோ தொட்டியை நிரப்பிக்கொண்டால், கலிபோர்னியாவில் ஒரு சொட்டும் வாங்காமல் திரும்பிவிடலாம். இதில் மிச்சமாகும் அறுபது டாலர், 10 சென்ட் அட்டை முழுப் பயணத்திலும் தருவதைவிட அதிகம். பெரிய லாரிகள் எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினவோ அதற்கேற்ப அந்தந்த மாநிலத்துக்கு வரி கட்டியாக வேண்டும் என்பதால், எல்லையில் நிரப்புவதால் அவற்றுக்கு வரி குறையாது. சொந்த உல்லாசப் பயணத்துக்கு ஓடும் ஆர்.வி.க்கு அந்த விதி கிடையாது.

இதை மனத்தில் கொண்டு, மலிவைத் தேடி நெடுஞ்சாலையை விட்டு வெகுதூரம் விலகுவதையும் எடைபோட வேண்டும். ஒரு முறை எங்கள் அட்டை செல்லும் நிலையம் எட்டு மைல் உள்ளே இருந்தது. போய் வந்த பதினாறு மைலுக்கு இரண்டு கேலன் எரிந்தது. 50 கேலனுக்கு 10 சென்ட் வீதம் மிச்சமானது ஐந்து டாலர்; எரிந்த இரண்டு கேலனின் விலை அதைவிடக் கூடுதல். அன்று என் மனைவி காகிதத்தில் எழுதிக் காட்டிய அந்தக் கணக்கு இன்றும் எங்கள் வண்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது.

பணம் செலுத்தும் முறையிலும் ஒரு தொல்லை உண்டு. பம்பில் பணம் செலுத்துவதற்கான வங்கி அட்டையைச் செருகியதும், என்ன தொகைக்கு நிரப்பப்போகிறோம் என்பது நிலையத்துக்குத் தெரியாது என்பதால், வங்கியில் ஒரு தொகை முன்கூட்டியே நிறுத்திவைக்கப்படுகிறது. அது 175 டாலர் வரை போகலாம். டெபிட் அட்டையாக இருந்தால் நம் சொந்தப் பணமே சில காலம் முடங்கும். அதோடு, பம்புக்கு விதித்த உச்ச வரம்பை எட்டியவுடன் தொட்டி பாதி நிறைந்த நிலையில் பம்ப் நின்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டாவது முறைக்குத் தள்ளுபடி பொருந்துமா என்பது தள்ளுபடி அட்டைக்கு அட்டை மாறுவதால், பெரிய தொட்டியை நிரப்பும்போது உள்ளே சென்று கல்லாவில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நிரப்புவது நல்லது.

உறுப்பினர் அட்டைகள் பல, ஆண்டு முடிவில் தாமாகவே புதுப்பித்துக்கொண்டு நம் கணக்கிலிருந்து சந்தாவை எடுத்துக்கொள்ளும். நாங்கள் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் தேதி, ஊர், கேலன், பலகை விலை, செலுத்திய விலை ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். புதுப்பிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாக அந்தக் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்து, சந்தாவைவிட மிச்சம் குறைவாக இருக்கும் அட்டையை அன்றே நிறுத்திவிடுகிறோம். நன்றி, வணக்கம்.