முப்பது பவுண்டும் ஒரு பத்திரமும்

அவையோருக்கு வணக்கம்.

'ஜேன் ஐயர்' நாவலின் கடைசிப் பகுதி. பார்வை இழந்து தனித்துக் கிடக்கும் காதலன் ராச்செஸ்டரைத் தேடி ஜேன் திரும்பி வருகிறாள். இப்போது என்னிடம் பணம் இருக்கிறது, நான் யாரையும் சார்ந்தவள் இல்லை, எனக்கு நானே எஜமானி என்கிறாள். நீங்கள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் உங்கள் வாசலை ஒட்டியே எனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்வேன் என்றும் சொல்கிறாள். சார்லட் பிராண்டியின் இந்த நாவல் வெளிவந்தது 1847-இல். அடுத்த அத்தியாயத்திலேயே இருவருக்கும் கல்யாணம். எனக்கு நானே எஜமானி என்று அவள் சொன்னது, அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, அந்தக் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விட்டது.

அதற்குக் காரணமான சட்டக் கோட்பாட்டின் பெயர் கவர்ச்சர். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஆள் கணவன். மனைவியின் ரொக்கம், நகை, தட்டுமுட்டுச் சாமான், அவள் உழைத்துச் சம்பாதிக்கும் கூலி எல்லாம் அவனுக்குச் சொந்தம். நிலத்தை மட்டும் அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஆனால் குத்தகைப் பணம் அவனுக்குத்தான். அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது, கணவன் சம்மதிக்காமல் உயில் எழுத முடியாது. வசதியுள்ள குடும்பங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. கல்யாணத்துக்கு முன்பே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி, பெண்ணின் பணத்தை டிரஸ்டிகள் பொறுப்பில் ஒப்படைத்துவிடுவார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் காலத்து நாவல்களின் நிறமே மாறிவிடுகிறது. காதல் கதை என்று நினைத்த இடத்தில் ஒரு கணக்குப் புத்தகம் தெரிகிறது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' (1813) நாவலில் பென்னட் குடும்பத்துக்கு வருஷம் 2,000 பவுண்டு வருமானம். ஆனால் நிலம் ஆண் வாரிசுக்கே போகும், ஐந்தும் பெண்கள். எலிசபெத்துக்குத் தாயின் காலத்துக்குப் பிறகு வரப்போவது நான்கு சதவீத வட்டியில் போட்ட 1,000 பவுண்டு, அதாவது வருஷத்துக்கு 40 பவுண்டு. பெண் கேட்க வந்த காலின்ஸ் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறான். அவள் மறுத்த அதே மனிதனை அவள் தோழி சார்லட் லூகஸ், 27 வயதில், சில நாளிலேயே ஏற்றுக்கொள்கிறாள். அவளை மானமில்லாதவள் என்று பேசுகிறவர்கள் அந்த 40 பவுண்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

கல்யாணம் வேண்டாம் என்றால் வேறு என்ன வழி? படித்த ஏழைப் பெண் மரியாதை கெடாமல் செய்யக்கூடிய வேலை அநேகமாக ஒன்றுதான்: பணக்கார வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலை. அந்த வேலையை எப்படித் தேடுவது என்பதை 'ஜேன் ஐயர்' படிப்படியாகக் காட்டுகிறது. லோவுட் பள்ளியில் ஆசிரியையாக அவள் சம்பளம் வருஷம் 15 பவுண்டு. செய்தித்தாளுக்குத் தானே விளம்பரம் எழுதுகிறாள். பதில் கடிதம் பள்ளிக்கு வந்தால் மற்றவர் கண்ணில் படும். அதனால் தலைப்பெழுத்து மட்டும் போட்டு, தபால் நிலையத்தின் முகவரி தருகிறாள். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டால் வந்திருப்பது ஒரே ஒரு கடிதம். சம்பளம் 30 பவுண்டு, பழையதற்கு இரண்டு மடங்கு. பள்ளி நிர்வாகத்தின் அனுமதியும் நற்சான்றிதழும் கைக்கு வந்த பிறகுதான் கிளம்புகிறாள்.

அந்தச் சுதந்திரம் எவ்வளவு மெலிந்தது என்பது, கவர்னஸாக வேலை பார்த்த ராச்செஸ்டரின் மாளிகையான தார்ன்ஃபீல்டை விட்டு ஓடும்போது தெரிகிறது. கையில் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வண்டிக்காரன் கேட்டது 30 ஷில்லிங். இருப்பதை வாங்கிக்கொண்டு அந்தத் தொகைக்கு எட்டும் தூரத்தில் இறக்கிவிடுகிறான். துணி மூட்டையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். அடுத்த நாள் ரொட்டிக் கடையில் கைக்குட்டையையும் கையுறையையும் நீட்டி ஒரு ரொட்டிக்குக் கெஞ்ச நினைக்கிறாள். சில நாள் முன்பு வரை சம்பளம் வாங்கிய ஆசிரியை அவள். பிறகு சிற்றப்பன் வழியில் 20,000 பவுண்டு வருகிறது. அதை நான்காகப் பிரித்து மூன்று பங்கை அத்தை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கென்று 5,000 வைத்துக்கொள்கிறாள். அவளுடைய சம்பளக் கணக்கில் அந்த 20,000 என்பது 660 வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு.

சார்லட் பிராண்டியை எல்லோருக்கும் தெரியும். தங்கை ஆன் பிராண்டி 1848-இல் எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலை நம்மில் படித்தவர்கள் குறைவு. என் மதிப்பில் இந்த விஷயத்தை அக்காவைவிடத் துல்லியமாகப் பிடித்தவர் ஆன்தான். ஜேன் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டை விட்டு ஓடுகிறாள். ஆனின் நாயகி ஹெலன் கல்யாணத்துக்குப் பிறகு, கையில் பிள்ளையோடு ஓடுகிறாள். சட்டத்தின் முழுக் கனமும் அவள் மேல்தான் விழுகிறது.

கணவன் ஹண்டிங்டன் குடிகாரன். சிநேகிதன் மனைவியோடு தொடர்பு வைத்திருக்கிறான். அவனும் கூட்டாளிகளும் சின்னஞ்சிறு மகனுக்கு மது ஊற்றிக் கொடுத்து, கெட்ட வார்த்தை சொல்லித்தந்து, கைகொட்டிச் சிரிக்கிறார்கள். ஹெலன் ஓவியம் வரையத் தெரிந்தவள். படங்களை விற்றுப் பணம் சேர்த்து, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறத் திட்டமிடுகிறாள். செய்த தவறு ஒன்றே ஒன்று: திட்டத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தது. கணவன் அதைப் பிடுங்கிப் படிக்கிறான், சாவிகளைப் பறிக்கிறான். தூரிகை, வண்ணம், சட்டகம் எல்லாம் நெருப்பில் போகின்றன. பணமும் நகையும் அவன் கைக்குப் போகின்றன. இதைத் திருட்டு என்று சொல்ல முடியுமா? முடியாது. அவன் எரித்ததும் எடுத்ததும் சட்டப்படி அவனுடைய பொருள்கள். புகார் கொடுக்க அவளுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் ரகசியமாகச் செய்கிறாள். அண்ணன் தன் பழைய பாழடைந்த வீட்டில் சில அறைகளை மட்டும் செப்பனிட்டுத் தருகிறான். விடிவதற்கு முன் கிளம்புகிறாள். தாயின் பிறந்தவீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு, கறுப்பு உடுத்தி, விதவையாக வாழ்கிறாள். படங்களை லண்டனுக்கு அனுப்பி விற்கும்போதும் மூலையில் பொய்யான தலைப்பெழுத்துகள். வரைந்த இடத்துக்கு வேறொரு மாவட்டத்து மாளிகையின் பெயர். வரையும் பாணி காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம் அப்போதும் போகவில்லை. மகனுக்குப் பிடித்துப்போன மதுவில் வாந்தி மருந்தைச் சிறிதளவு கலந்து கொடுத்து, அந்த ருசியையே வெறுக்கவைக்கிறாள்.

இனி ஊர் வாய். பிள்ளையை ஏன் ஒரு நிமிஷமும் விடுவதில்லை என்கிறார்கள். மது வேண்டாம் என்று வளர்த்தால் பிள்ளை ஆண்மகனாக ஆவானா என்கிறார்கள். வீட்டின் சொந்தக்காரன் அடிக்கடி வருவதைப் பார்த்து, அவன் அவள் அண்ணன் என்று தெரியாமல், அவனையே கள்ளக்காதலனாக்கிப் பேசுகிறார்கள். உண்மையைச் சொல்லி வாயை அடைக்கலாமே? சொன்னால் செய்தி கணவன் காதுக்குப் போகும், பிள்ளை பறிபோவான். கதை நடப்பது 1820-களில். அன்று பிள்ளை முழுக்க முழுக்கத் தந்தைக்கே உரியவன். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாய் கேட்டு மனுப் போடலாம் என்ற சட்டம் 1839-இல்தான் வந்தது; அதுவும் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துப் போராடிய பிறகு. விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். 1857 வரை அப்படிப் பெற்ற பெண்கள் நான்கே பேர்.

கணவன் சாகக் கிடக்கும்போது ஹெலன் பணிவிடை செய்யத் திரும்பிப் போகிறாள். கடமையில் தவறாத மனைவியை அன்றைய வாசகர் அங்கே பார்த்திருப்பார். ஆனால் மகனைக் கண்ணில் காட்டுவதற்கு முன், பிள்ளை தன் பொறுப்பில்தான் இருக்கும் என்று சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறாள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை அன்றைய நீதிமன்றங்கள் மதித்ததில்லை. 1873 சட்டம்தான் அவற்றுக்கு இடம் தந்தது. அதைத் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, ஹெலன் நம்பியது கணவனின் கண்ணீரை அல்ல, காகிதத்தை என்று ஆன் காட்டியிருக்கிறார்.

1870 சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கியது. 1882 சட்டம் எல்லாச் சொத்துக்கும் அதை விரித்தது. இந்தியாவுக்கு 1874-இல் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது. மனைவி, பிள்ளைகள் பெயருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஏஜென்ட் சொல்லும் எம்.டபிள்யூ.பி. பாலிசி அந்தச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் வருவது.

ஜேனுக்கு வருவோம். அவளுடைய 5,000 பவுண்டுக்குப் பத்திரம் எழுதியதாக நாவலில் ஒரு வரி இல்லை. சார்லட் தனக்கு அப்படி விடவில்லை. 1854 ஜூன் 29-இல் ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணப்பதற்கு முன்பே, எழுதிச் சம்பாதித்த பணத்தைக் கணவர் தொட முடியாதபடி செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி டிரஸ்டியிடம் ஒப்படைத்தார். கல்யாணம் இனிமையாகவே அமைந்தது. ஒன்பது மாதமே நீடித்தது. 1855 மார்ச் 31-இல் இறப்பதற்குச் சில வாரம் முன்பு, எல்லாவற்றையும் நிக்கல்ஸுக்கே எழுதிவைத்தார். தனிச்சொத்தாக ஒதுக்கிவைத்திருந்ததால்தான் அதைக் கொடுக்கும் உரிமை அவர் கையில் இருந்தது.