முதலில் படியுங்கள், பிறகு துடைக்கலாம்

(பழைய ராணுவப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மேசை மேல் இரண்டு பயனெட்டுகள் வைத்திருக்கிறேன். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. இரண்டும் ஒரே வகைதான், பிரிட்டிஷ் ராணுவத்தின் ‘பேட்டர்ன் 1907’. ஒன்று கறுத்து, அங்கங்கே பழுப்பேறி, ஏதோ பரணிலிருந்து இப்போதுதான் இறக்கிய மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் முகம் பார்க்கலாம். உள்ளே வந்ததும் நிறையப் பேர் பளபளப்பதைத்தான் குனிந்து பார்த்தீர்கள். கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதைப் பளபளக்க வைத்தது நான். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் வாங்கிய முதல் பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கை வீங்கிவிட்டது. சாயங்காலம் பெருமையாக எடுத்துக்கொண்டு போய், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, பிடியை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினார். அப்புறம் கேட்டார்: “இங்கே எழுதியிருந்தது எங்கேப்பா?”

என்ன எழுதியிருந்தது என்றே எனக்கு அன்றைக்குத் தெரியாது. படிக்காமலே அழித்திருக்கிறேன்.

அதனால் கறுத்துப்போனதைப் படிப்போம். இதன் அலகு, அதாவது கத்திப் பகுதி, 17 அங்குலம். பிடிக்குப் பக்கத்தில், கூர் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கிறது. சங்கதி எல்லாம் அங்கேதான். ஒரு பக்கம் மேலே கிரீடம். அதன் கீழே ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக. அதன் கீழே 1907. புதிதாக வருகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை வழுக்கி விழுவார்கள். 1907 என்பது மாதிரியின் பெயர், செய்த ஆண்டு இல்லை. செய்த காலம் இன்னும் சின்ன எழுத்தில் தனியாக இருக்கிறது: 3, அதன் பக்கத்தில் 13. அதாவது 1913 மார்ச். கூடவே செய்த கம்பெனியின் பெயர், வில்கின்சன்.

திருப்பிப் பாருங்கள். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடுகிற அம்புக்குறி, அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அலகை வளைத்துப் பார்த்தார்கள், அது முறியாமல் நிமிர்ந்துகொண்டது என்று பொருள். கிரீடமும் எண்ணும் சேர்ந்த குட்டிக் குட்டி முத்திரைகள் சோதனை செய்தவர்களுடையவை. அவற்றுக்கு நடுவில் இன்னொரு எண், 24. தயாரித்து 11 ஆண்டு கழித்து இது மறுபடி கிடங்குக்கு வந்து, பழுது பார்க்கப்பட்டு, திரும்பவும் ஒரு சிப்பாயின் இடுப்புக்குப் போயிருக்கிறது. நடுவில் ஒரு உலகப் போரே முடிந்துவிட்டது.

இனி எழுத்தில் இல்லாததைப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்த மாதிரியில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் கம்பியின் கீழ்முனை கொக்கி போல வளைந்திருக்கும். எதிரியின் கத்தியை மாட்டித் திருப்பலாம் என்பது கணக்கு. ஜப்பானிய ராணுவத்தின் பயனெட்டைப் பார்த்து எடுத்த யோசனை. களத்தில் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று 1913 கடைசியில் கொக்கியை விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே இருந்தவற்றிலும் பழுதுக்கு வரும்போது அறுத்தெடுத்தார்கள். மார்ச் மாதம் பிறந்த இதற்குக் கொக்கி இருந்திருக்கும், இப்போது இல்லை. அடுத்து, பிடியின் கடைசியில் ஒரு துளை இருக்கிறது. மாட்டுகிற பள்ளத்தில் மண் அடைத்துக்கொண்டால் தள்ளிவிடுவதற்காக 1916-இல் வந்த ஏற்பாடு இது. ஆக, பிறவியில் இந்தத் துளை கிடையாது, பின்னால் போட்டது. மார்ச் 1913, அறுத்த கொக்கி, பிறகு போட்ட துளை, 24 என்ற எண் என்று வரிசைப்படுத்தினால் ஒரு மனிதனின் பணிப்பதிவேடு மாதிரி இருக்கிறது.

கொக்கியோடு தப்பியவை கொஞ்சம்தான். அதனால் விலை பல மடங்கு. விலை இருந்தால் வேலையும் நடக்கும்: கொக்கி இல்லாததில் கொக்கியைப் பற்றவைத்து விற்கிறார்கள். தேதியைப் பாருங்கள். 1917-இல் செய்த பயனெட்டில் கொக்கி இருந்தால், அதை விற்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

ராணுவமே கொக்கியை அறுத்தது வரலாறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இந்த 17 அங்குல அலகுகள் பலவற்றை 12 அங்குலத்துக்கு வெட்டினார்கள். அதுவும் வரலாறுதான், அதைக் குறைபட்ட பொருள் என்று ஒதுக்குவது தவறு. கடைக்காரர் கொக்கியை ஒட்டினால் அது மோசடி. நான் உப்புத்தாள் போட்டது மடத்தனம். ஒரு பொருளில் ஏதாவது மாறியிருந்தால் யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்ற கேள்விதான் எனக்கு எப்போதும் முதலில் வரும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். ரைஃபிள் சேகரிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஐந்தாவது நிமிடத்தில் ‘எண்கள் பொருந்துகிறதா’ என்ற பேச்சு வந்துவிடும். குழல், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட், இவற்றைத் தாங்கும் நடுப்பகுதியான ரிசீவர், மரக்கட்டை என்று எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருந்தால், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று நம்பலாம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ரைஃபிளான மவுசர் கே98கே போன்றவற்றில் இதற்குத்தான் காசு. எனக்கென்னவோ பொருந்தாதவைதான் சுவாரசியம். சோவியத் படைகள் கைப்பற்றிய ஆயிரக்கணக்கான கே98கே துப்பாக்கிகளைப் பின்னால் குவியலாகப் பிரித்துப் போட்டு, கழுவி, கிடைத்த போல்ட்டைக் கிடைத்த குழலில் மாட்டி, கட்டைக்கு மினுமினுக்கும் அரக்குப் பூச்சு கொடுத்து, பொருந்தாத எண்ணுக்கு மேல் மின்பேனாவால் புது எண் எழுதிக் கிடங்கில் அடுக்கினார்கள். சில பேர் அந்த அரக்கைச் சுரண்டிவிட்டு ‘அசல் ஜெர்மன்’ ஆக்கப் பார்க்கிறார்கள். தோற்றவனின் துப்பாக்கியை ஜெயித்தவன் துடைத்து வைத்த கதை அந்த அரக்கில்தான் இருக்கிறது. அதைச் சுரண்டினால் இரண்டு பேர் கதையும் போய்விடும்.

இதைவிட அழகானது பின்லாந்தின் எம்39 ரைஃபிள். பின்லாந்து ரிசீவர் தயாரிக்கவே இல்லை. ஜார் காலத்து ரஷ்யாவின் மோசின்-நாகாண்ட் ரைஃபிள்களின் ரிசீவர்களை எடுத்து, அவற்றில் தங்கள் குழலையும் கட்டையையும் பொருத்தினார்கள். குழலில் 1942 என்று இருக்கும், சதுரத்துக்குள் எஸ், ஏ என்ற பின்லாந்து ராணுவ முத்திரையும் இருக்கும். கட்டையைக் கழற்றி ரிசீவரின் வால்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் 1890-களின் ஒரு தேதி ஒளிந்திருக்கலாம். ரஷ்யாவில் பிறந்த இரும்பு, அரை நூற்றாண்டு கழித்து ரஷ்யாவுக்கு எதிராகவே சுட்டிருக்கிறது. சட்டத்திலும் அந்தத் தேதிக்கு வேலை உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்த துப்பாக்கி பழம்பொருள், அந்த ரிசீவரின் வயதுதான் துப்பாக்கியின் வயது. வேறு நாட்டில் வேறு கணக்கு, சில இடங்களில் உடைந்து கிடப்பதற்குக்கூட உரிமம் கேட்பார்கள். வாங்கிவிட்டுச் சட்டம் படிக்காதீர்கள், வரிசை தலைகீழ்.

ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியின் ரிசீவர் மேல் 16 இதழ் உள்ள செவ்வந்திப் பூ பொறித்திருக்கும். பேரரசரின் சொத்து என்று அதற்கு அர்த்தம். 1945-இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தப் பூவை அரைத்து அழித்துவிட்டார்கள். பூ முழுசாக இருந்தால், சண்டையிலேயே கைப்பற்றியதாக இருக்கலாம் என்று விலை ஏறும். அதனால் அரைத்த இடத்தில் புதுப் பூவும் பூக்கிறது! விரலை வைத்துப் பாருங்கள். உலோகத்தை அரைத்த இடம் லேசாகப் பள்ளமாக இருக்கும்.

கட்டையில் வரிசையாக வெட்டுக்கோடு போட்ட துப்பாக்கியை ஒருவர் கொண்டுவருவார். ‘ஒவ்வொரு கோடும் ஒரு எதிரி சார்’ என்பார். அரசாங்கத் துப்பாக்கியைச் செதுக்கினால் சிப்பாய்க்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேனாக்கத்தி வைத்திருந்த யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். கோட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1863-இல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்திலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். பெரும்பாலானவை மருந்தும் குண்டும் நிரப்பியபடி கிடந்தன. பல ஆயிரம் துப்பாக்கிகளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மூன்று குண்டுகள். குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியில் திறந்து பார்க்க வழியில்லை. அதனால் ஒரு மரக்குச்சியை உள்ளே கடைசி வரை விடுங்கள், குழல் வாய் வரும் இடத்தில் கோடு போடுங்கள், வெளியே எடுத்துக் குழலை ஒட்டிப் பிடியுங்கள். குச்சியின் நுனி தீப்பற்றும் துளை வரை வர வேண்டும். ஓரிரு அங்குலம் குறைந்தால் உள்ளே என்னமோ இருக்கிறது. அப்படியே வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நாமே குடைகிற வேலை வேண்டாம். கறுப்பு வெடிமருந்துக்கு நூறு வயதானாலும் கோபம் தீராது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவப்பாக, தொட்டால் கையில் ஒட்டுகிற துரு தின்றுகொண்டிருக்கும் துரு. அதை எண்ணெயில் ஊறவைத்து மெதுவாக எடுக்கலாம். கறுப்பும் பழுப்புமாக இறுகிக் கிடப்பதைத் தொடாதீர்கள். பயனெட்டைத் தோலுறையில் போட்டு வருடக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் பதனிட்ட சரக்கு இரும்பை அரிக்கும், உறையும் கத்தியும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கட்டும். கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் போதும். இழைத்துவிடவே கூடாது, முத்திரைகள் மரத்திலும் இருக்கின்றன.

தொப்பிச் சின்னங்களுக்கு வந்தால் நான் இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழாகிவிடும். பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் பித்தளைச் சின்னம் ஒன்றைக் கையில் எடுங்கள். சிங்கத்தின் முகமோ குதிரையின் பிடரியோ மழுங்கி வழவழவென்று இருக்கும். தினமும் அணிவகுப்புக்கு முன்னால் அந்தச் சிப்பாய் தேய்த்த தேய்ப்பு அது. அந்தத் தேய்மானமே ஒரு சாட்சி. நேற்று அடித்த போலியில் சிங்கத்துக்கு மூக்கு முழுசாக இருக்கும், அல்லது வார்ப்பு நன்றாக இல்லாமல் எல்லாமே மங்கலாக இருக்கும். மேடான இடம் தேய்ந்து, பள்ளமான இடம் கூர்மையாக இருந்தால் நம்பலாம். பின்பக்கத்தையும் பாருங்கள். வளையத்தைப் பற்றவைத்த இடம் புதுசாக மின்னக்கூடாது, இடுக்கில் காய்ந்துபோன பாலிஷும் பச்சைக் களிம்பும் இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

கிரீடத்தை வைத்துக் காலம் சொல்வது பழைய வழக்கம். 1901-இலிருந்து 1952 வரை மன்னர் கிரீடம், மேல்வளைவு உருண்டையாக இருக்கும். எலிசபெத் ராணி வந்த பிறகு நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம். எளிமையான விதியாக இருந்தது. 2022-இல் மன்னர் சார்லஸ் மறுபடி உருண்டைக் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அந்த விதி மட்டும் போதாது என்றாகிவிட்டது.

கடைசியாக இந்த வட்டத் தகடு. வெண்கலம், விட்டம் 12 சென்டிமீட்டர். முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசின் வீரர்களுடைய குடும்பங்களுக்கு அனுப்பியது. 13 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். தகட்டில் இறந்தவரின் பெயர் மட்டும் இருக்கிறது, பதவி இல்லை. சாவில் ஜெனரலும் சிப்பாயும் ஒன்று என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. நல்ல யோசனைதான், ஆனால் இதனாலேயே ஆளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். போதாக்குறைக்கு, சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பாதிக்கும் மேல் 1940-இல் லண்டன் மேல் நடந்த குண்டுவீச்சில் எரிந்துவிட்டன.

அதனால்தான் பதக்கத்தின் விளிம்பு முக்கியம். அந்தப் போரின் வெள்ளிப் பதக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன எழுத்தில் ஓடும். எத்தனையோ ஆட்களுக்கு இன்றைக்கு மிச்சமிருக்கிற தடயத்தில் இந்த ஒற்றை வரியும் ஒன்று. இதிலும் பெயரை அரம் போட்டு அழித்துவிட்டு, புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைப் பொறித்து விற்கிறவர்கள் உண்டு. கலிப்பரை வைத்து விட்டத்தை அளந்தால் 36 மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் குறையும், மாட்டிக்கொள்வார்கள். வெள்ளி விலை ஏறியபோது அந்தப் பதக்கங்களை உருக்குவதற்காகவே விற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் உருக்கவில்லை, தேய்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொலைக்கருவியை ஏன் வீட்டில் வைத்திருக்கிறாய் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சில பொருட்களை நானே வாங்குவதில்லை, நாஜிக் குறுவாள்கள் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். போலியும் அதில்தான் அதிகம். மற்றபடி என் பதில், இந்தத் தகட்டையும் அந்தப் பயனெட்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறேன் பாருங்கள், அதுதான்.

நேரமாகிவிட்டது. மேசைக்கு வரிசையாக வாருங்கள். பருத்திக் கையுறை ஓரமாக இருக்கிறது. கை வியர்வையின் உப்பு இரும்பில் ரேகையோடு துருவாகப் பதியும், அதனால் போட்டுக்கொண்டு எடுங்கள். கறுத்த பயனெட்டுக்கும் தகட்டுக்கும் பதக்கத்துக்கும் கையுறை கட்டாயம். பளபளப்பானதை வெறுங்கையாலேயே எடுத்துப் பார்க்கலாம். அதில் கெட்டுப்போக இனி ஒன்றும் இல்லை.